பார்ப்பதற்கும் காசு கொடுங்கள்

மச்சான் பங்குனி மாதம் போட்டின் பின்னால் மாட்டுகிற பழைய எஞ்சின் ஒன்று வாங்கினார். 25 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். வாங்கும்போது நானும் கூடப் போனேன். விற்கிறவர் பரலில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதற்குள் இறக்கி, ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆக்கிக் காட்டினார். பக்கத்துத் துளையால் தண்ணீரும் நன்றாகப் பீச்சியது. எங்களுக்குத் திருப்தி. மூன்றாம் கிழமை, வலை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் தாண்டும்போது எஞ்சின் கத்தியிருக்கிறது, போட் நகரவில்லை. கைபிடியைக் குறைத்தால் மெல்லப் போகிறது, திருகினால் சத்தம் மட்டும் ஏறுகிறது.

கரைக்கு வந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் கயிற்றை இழுத்து, கியரில் போட்டு, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "கியர் போயிற்று, கீழ்ப்பகுதி முழுக்க மாற்ற வேணும்" என்றார். சொன்ன தொகை, எஞ்சின் வாங்கிய காசில் பாதி. அன்றிரவு மச்சான் எனக்கு போன் எடுத்தார். "தம்பி, இவன் சொல்லுறது உண்மையா? எப்படி நம்புறது?"

நான் மெக்கானிக் இல்லை. அப்பா மட்டக்களப்பு நாவலடியில் கடல் தொழில் செய்தவர். பெற்றோலில் ஒயில் கலக்குவதுதான் சின்ன வயதில் எனக்குத் தரப்பட்ட வேலை: லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அதாவது 50க்கு 1. அதற்கு மேல் என் அறிவு பெரிதில்லை. ஆனால் "எப்படி நம்புறது" என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இங்கே எத்தனை குடும்பங்கள் இதே கேள்வியோடு நகையை அடகு வைக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர், வாழைச்சேனைப் பக்கம் முன்பு எஞ்சின் வேலை செய்தவர், இப்போது கண் அவ்வளவு தெரியாது. அவரிடம் போனோம். அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. புரொப்பலரைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டில பிள்ளைட கியூட்டெக்ஸ் இருந்தா கொண்டு வா" என்றார். அக்கா மகளின் சிவப்புக் கியூட்டெக்ஸ். புரொப்பலரின் நடுவில், தண்டைப் பிடிக்கிற உள்வளையத்திலிருந்து வெளி உலோகம் வரை நேராக ஒரு கோடு இழுத்தார். "வலையோட ஒரு சுற்றுப் போய் வா."

போய் வந்து பார்த்தபோது கோடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்த துண்டு ஓர் இடத்தில், வெளியே இருந்த துண்டு இரண்டு விரல் தள்ளி. புரொப்பலருக்குள் இறுக்கி அடைத்த ரப்பர் ஒன்று இருக்கிறது. கல்லிலோ மரக்கட்டையிலோ புரொப்பலர் அடித்தால் அந்த அடி கியருக்குப் போகாமல் தாங்குவதற்கு. அந்த ரப்பர் பிடி விட்டிருந்தது. சுமை குறைவாக இருக்கும்போது பிடிக்கும், சுமை கூடினால் உள்ளே வழுக்கும், எஞ்சின் சும்மா சுற்றிக் கத்தும். கியரில் ஒரு பிழையும் இல்லை. புரொப்பலரை மட்டும் மாற்றினோம். முதலில் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் அது எங்கேயோ கீழே.

இதை எழுதும்போது முதலாவது மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கியரின் பல் தேய்ந்து நழுவினாலும் எஞ்சின் கத்தும், போட் போகாது. பின்பலகையில் எஞ்சின் உயரமாக ஏறி நின்று புரொப்பலர் காற்றை இழுத்தாலும் அப்படித்தான். நோய் மூன்று, அறிகுறி ஒன்று. அவர் மூன்றில் ஒன்றை ஊகித்தார், ஊகத்தை முடிவு போலச் சொன்னார். அதுதான் அவருடைய பிழை.

மறுபக்கமும் இருக்கிறது. எங்கள் சித்தப்பாவின் மகன் பாலமீன்மடுவில் இருக்கிறான். போன வருடம் ஒரு இளம் பெடியன் அவனுடைய எஞ்சினைப் பார்த்து, "அண்ணன், கியர் ஒயிலில தண்ணி, சீல் போயிற்று, உடனே மாற்றுங்க" என்று சொன்னான். சீல் என்பது தண்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற வளையம். சித்தப்பாவின் மகனுக்கு நம்பிக்கை இல்லை. நேற்று முளைத்தவன் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று எல்லோரிடமும் கதைத்துத் திரிந்தான், நானும் தலையாட்டினேன். கியர் ஒயில் வடிக்கிற கீழ்த் திருகாணியைக் கழற்றி நாங்களே பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். திருகாணியின் நுனிக் காந்தத்தில் சாம்பல் நிற மை போல ஒட்டியிருந்தால் பரவாயில்லை, துண்டு துண்டாக இரும்பு ஒட்டியிருந்தால் கியர் கரைகிறது. நாங்கள் பார்க்கவில்லை. கச்சான் அடிக்கிற காலத்தில், கரை கோடு போலத் தெரிகிற தூரத்தில் கியர் இறுகி நின்றுவிட்டது. எங்கள் பக்கம் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றால் போட் வீட்டுப் பக்கம் வராது, வெளிக்கடலுக்குத்தான் போகும். வேறொரு போட் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. பிறகு கழற்றியபோது புரொப்பலர் தண்டில் தங்கூசி (நைலோன்) நூல் சுற்றிச் சுற்றி சீலுக்குள் வெட்டியிருந்தது. அந்தப் பெடியன் சொன்னது அத்தனையும் சரி. அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பதிவைப் பார்த்தால், தம்பி, என்னை மன்னித்துக்கொள்.

ஆக, வயதையும் பெயரையும் முகத்தையும் வைத்து நம்புவதா இல்லையா என்று முடிவு செய்தபோதெல்லாம் நாங்கள் பிழை விட்டோம். காட்டச் சொல்லியிருந்தால் இரண்டு தடவையும் தப்பியிருப்போம்.

காட்டச் சொன்னால் மெக்கானிக்மாருக்குக் கோபம் வரும் என்று பயப்படுகிறோம். சில பேருக்கு வரும். ஆனால் நாங்கள் அவர்களை எப்படி நடத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். டொக்டரை சனல் பண்ணினால் (நேரம் பதிந்து பார்க்கப் போனால்), அவர் ஒரு குளிசையும் எழுதாமல் "ஒன்றுமில்லை, போங்க" என்றாலும் காசு கொடுக்கிறோம். மெக்கானிக் வெயிலில் சைக்கிளில் வந்து, மணலில் குந்தி ஒரு மணித்தியாலம் பார்த்து, "எஞ்சினில ஒன்றுமில்லை, பிளக்கைத் துடைத்தால் போதும்" என்றால் ஒரு தேத்தண்ணியோடு அனுப்பிவிடுகிறோம். அவர் உண்மை சொன்ன நாளில் அவருடைய வீட்டில் அடுப்பு எரியாது. பெரிதாக ஒன்று உடைந்திருந்தால்தான் அவருக்குக் கூலி. இப்படி வைத்துவிட்டு, அவருடைய வாயிலிருந்து சின்னப் பழுது மட்டும் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

அதனால் இப்போது நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கூப்பிடும்போதே, "பார்க்கிறதுக்கு இவ்வளவு தாறம், திருத்துறது பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிடுவோம். போன கிழமை மச்சான் 1500 ரூபா கொடுத்தார். மெக்கானிக் முதலில் மறுத்தார், பிறகு வாங்கினார். அவர் அன்று பார்த்த பார்வையே வேறாக இருந்தது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

காட்டியவற்றில் ஒன்றை எழுதுகிறேன், "கொம்பிரஷன் இல்லை, பிஸ்டன் போயிற்று" என்ற சொல்தான் எங்களை அதிகம் கவிழ்க்கிறது. கொம்பிரஷன் என்பது பிஸ்டன் சிலிண்டருக்குள் நெருக்குகிற அழுத்தம். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை உலோகத்தோடு சேர்த்து வைத்து, கைபிடியை முழுதாகத் திறந்து, ஒரு பிளக் துளையில் கொம்பிரஷன் மானியைத் திருகி, முள் ஏறாமல் நிற்கும் வரை கயிற்றை இழுக்க வேண்டும். பிறகு மற்றச் சிலிண்டர். மானிக்கு மானி கணக்கு மாறும், அதனால் இரண்டு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். மானியில் 110உம் 105உம் psi என்றால் பயமில்லை. 110உம் 60உம் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. குறைந்த பக்கம் பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி இழுத்தார். எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம், ஏறாவிட்டால் சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கிற ஹெட் கெஸ்கட் பக்கம் பார்க்க வேண்டும் என்றார். மச்சானுடையதில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. சரி, நிம்மதி.

வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். பரலில் ஸ்டார்ட் ஆகிறது என்பது ஸ்டார்ட் ஆகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி, சுமை இழுக்கும் என்பதற்கு இல்லை. போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், ஏற்கெனவே சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், இலகுவாக ஸ்டார்ட் ஆகட்டும் என்று முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். எங்களிடம் சுற்றுகிற எஞ்சின்களில் 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கொடுத்தவையும் இருக்கின்றன, 20 வருடம் தாண்டியவை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தவையும் இருக்கின்றன. பழைய பெற்றோல் உள்ளே பிசினாகிக் காபிரேட்டரை அடைத்திருந்தால் அதுவும் "பிஸ்டன்" என்ற பெயரில் உங்கள் தலையில் விழலாம். சின்ன எஞ்சின்களில் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும் மீற்றரும் இல்லை, விற்கிறவர் வாயைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் மீனவர் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. கொம்பிரஷன் மானி ஒன்று பொதுவில் வாங்கி வைப்போம், யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துப் பாவிக்கட்டும், மெக்கானிக்மாரும் எடுக்கட்டும். முதல் பங்கை நான் தருகிறேன். 14 மில்லிமீற்றர் மரை உள்ளதாக எடுங்கள், எங்கள் பக்க எஞ்சின்களின் பிளக் பெரும்பாலும் அதுதான்.