"பவர் வருது சார்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டு வண்டியான கேரவனின் மின்சாரப் பிரேக்கைக் காரிலிருந்து இயக்குகிற கன்ட்ரோலர், மூன்றாவதும் மாட்டியாயிற்று. டாஷ்போர்டின் அடியில் பழைய இரண்டுக்கும் போட்ட திருகு ஓட்டைகள் அப்படியே வாய் பிளந்து கிடக்கின்றன. ஆனாலும் போன வாரம் கேரவன் காரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. இறக்கத்தில், சிக்னலுக்கு முன்னால், பின் சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு. பிரேக்கை மிதிக்கிறேன், கார் நிற்கப் பார்க்கிறது, பின்னால் வரும் ஒன்றரை டன் நிற்க மாட்டேன் என்கிறது. கொக்கியில் 'டொக்' என்று ஓர் இடி. கேரவன் இழுத்தவர்களுக்கு அந்த இடி தெரியும். காதுக்கு முன்னால் வயிற்றுக்குத்தான் அது கேட்கும்.

பட்டறைக்குப் போன் போட்டேன். "கெயினைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க சார்." கெயின், அதாவது கேரவன் பிரேக்குக்கு எவ்வளவு பலம் கொடுப்பது என்கிற அளவு, ஏற்கெனவே உச்சத்தில் நிற்கிறது, அதற்கு மேல் கூட்ட எண்ணே இல்லை. "அப்போ கன்ட்ரோலர் வீக்கா இருக்கும், கொண்டு வாங்க, மாத்திடலாம்." நான்காவது கன்ட்ரோலரா? கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தலை சூடேறிவிட்டது.

போன முறை அங்கே நடந்ததைச் சொல்கிறேன். பட்டறைக்காரர் காரிலிருந்து கேரவன் பிளக்கைப் பிடுங்கினார். கார் சாக்கெட்டில் பிரேக் பின்னுக்கும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தார். உதவியாளர் உள்ளே உட்கார்ந்து, கேரவன் பிரேக்கை மட்டும் போடுகிற கன்ட்ரோலரின் கை நெம்பைத் தள்ளினார். மீட்டரில் 12.4 வோல்ட். "பவர் வருது சார்." அண்ணே, கேரவன்தான் இப்போது இணைப்பிலேயே இல்லையே, அதிலுள்ள குறை இதில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். முகம் சுருங்கிப் போயிற்று. பிளக்கைத் திரும்பச் செருகினார், கேரவனுக்கு அடியில் குனிந்தார், இரண்டு சக்கரத்துக்கும் வயர் பிரிகிற இணைப்பைக் கழற்றினார், கழற்றிய முனையில் மீட்டரை வைத்தார். மறுபடியும் 12.4. "இங்கேயும் வருது சார், பாருங்க." மீட்டரை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நான் பார்த்தேன். கழற்றி வைத்துவிட்டு அளந்தால் 12 வராமல் வேறென்ன வரும்? மல்டிமீட்டர் இழுக்கிற மின்சாரம் ஒன்றுமே இல்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம், அதன் வழியாக ஓடுவது மைக்ரோ ஆம்பியர் கணக்கில். தலைமுடி அளவு வயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் இருக்கிற மின்காந்தம் அப்படியா? ஒவ்வொன்றும் 3 ஆம்பியர் கேட்கும். இரண்டு சக்கரத்துக்கு 6, இரட்டை அச்சு என்றால் 12. அந்த மின்சாரம் போனால்தான் காந்தம் டிரம்மின் முகத்தில் ஒட்டும், ஒட்டினால்தான் சுழலும் டிரம் அதை இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில்தான் நெம்புகோல் அசைந்து பிரேக் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். சுமையோடு அளக்காத 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்றையும் சொன்னேன். நெம்பைத் தள்ளும்போது கேரவனின் பின் விளக்குகள் மங்குகின்றன, பின்னால் நின்று பார்த்த என் மனைவி தெளிவாகச் சொன்னாள் என்றேன். "பல்பு பழசு சார்" என்றார். பல்பு பழசானால் எப்போதும்தானே மங்கலாக எரிய வேண்டும்? பிரேக் போடும்போது மட்டும் மங்கினால் இரண்டுக்கும் பொதுவான பாதையில் கோளாறு என்று அர்த்தம், அதாவது எர்த். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் புது கன்ட்ரோலரின் அட்டைப் பெட்டியைப் பிரித்துவிட்டார். எட்டே நிமிடம். அதில் ஒரு சக்கரத்தைக்கூட ஜாக்கி வைத்துத் தூக்கவில்லை. ஷூ இடைவெளியைப் பார்க்கவில்லை. அச்சுக் குழாய்க்குள் ஓடும் வயர் உரசித் தோல் உரிந்து ஷார்ட் ஆகும் என்பது இந்தத் தொழிலில் ஊரறிந்த கோளாறு, அதையும் பார்க்கவில்லை. பில் மட்டும் நீளமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே பாய் விரித்து அடியில் படுத்தேன். பிளக்கைச் செருகி, எதையும் கழற்றாமல், பையனை நெம்பை முழுதாகத் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். காந்தத்தின் இரண்டு முனைக்கும் நடுவே அளந்தால் 8 வோல்ட்தான். மீதி 4 வோல்ட் எங்கே? மீட்டரின் ஒரு முனையை நீள வயர் போட்டுக் கார் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன், மறுமுனையைக் கேரவன் சட்டத்தில். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் முழுசாக 4 வோல்ட். அது எர்த்திலேயே கரைந்துகொண்டிருந்தது. மூன்று கன்ட்ரோலர் வாங்க வைத்த கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டரும் ஒரு நீள வயரும் கால் மணி நேரமும்தான் ஆயிற்று.

இழுவைச் சட்டத்தில், பிளக் வயர் உள்ளே நுழைகிற இடத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. டேப்பைப் பிரித்தால் பசை கையில் பிசுபிசுவென்று வந்தது, உள்ளே பச்சைப் பவுடர். செம்பு இழைகளில் பாதி கறுத்து ஒடிந்திருந்தன, மீதி வளையத் தகட்டில் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த வளையத்தைப் பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள், சுரண்டக்கூட இல்லை. பெயின்ட் வழியாக மின்சாரம் எப்படிப் போகும்? அந்த முடிச்சின் தடை 1 ஓம். வெறும் 1 ஓம். காந்தத்தின் தடையே 4 ஓம்தான், இரண்டும் இணையாக 2. அதனோடு இந்த 1 சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு இங்கேயே போய்விடுகிறது. இது எந்த கன்ட்ரோலருக்குத் தெரியும்? காந்தம் இணைந்திருக்கிறது என்று அது நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

சுரண்டினேன். புது வளையம் போட்டு நசுக்கினேன், உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் ஏற்றி ஹீட் காட்டினேன், பழைய வயரையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தடிமனாக ஒன்று இழுத்தேன். இந்த வயர் விஷயத்திலும் எனக்கு ஆத்திரம்தான். ஆஸ்திரேலியப் பக்கம் விற்கிற ஆட்டோ கேபிளில் 6 மி.மீ. என்று எழுதியிருந்தால் அது தோலோடு சேர்ந்த பருமன். உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர் சுமார்தான். 6 சதுரம் என்று நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேர்!

அப்புறம் சக்கரத்தைத் தூக்கி, பின்தகட்டு ஓட்டை வழியாக, ஷூ இடைவெளியைச் சரிசெய்கிற நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, ஷூ நன்றாக இறுகும்வரை கொண்டுபோய், லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்தி வைத்தேன். அதுவும் எக்கச்சக்கமாகத் தளர்ந்திருந்தது. புது பிரேக்குக்கு முதல் 300 கிலோமீட்டரிலேயே ஒரு முறை சரிபார்க்க வேண்டும். மூன்று முறை வண்டியைக் கொடுத்திருக்கிறேன், ஒருவர்கூட அந்த ஓட்டையின் ரப்பர் மூடியைத் தொடவில்லை, அதன்மேல் மண் அப்படியே காய்ந்து கிடந்தது.

ஆளில்லாத சமதரைச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் கார் பிரேக்கைத் தொடாமல் நெம்பை மட்டும் தள்ளினேன். கேரவன் காரைப் பின்னால் பிடித்து இழுத்தது பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. உச்சத்தில் இருந்த கெயினைப் பாதிக்குக் குறைத்தும் சக்கரம் பூட்டிக்கொள்ளும் போல இருந்தது. இரண்டு வருஷம் இந்தப் பிரேக் பலம் இல்லாமல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறோம். கேரவன் ஆட ஆரம்பித்தால் அதை நேராக்க நம் கையில் இருக்கும் முக்கியமான துணை அந்த நெம்புதான், அதுவும் பாதி பலத்தில் இருந்திருக்கிறது. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. "பவர் வருது" என்ற இரண்டு வார்த்தையை நம்பி!

பழைய கன்ட்ரோலர் இரண்டையும் திருப்பிக் கேட்டேன். நல்ல பொருள்கள், ஒரு குறையும் இல்லாதவை. "தூக்கிப் போட்டாச்சு சார்" என்கிறார்கள்.

இத்தனையும் முடித்து, முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, இருட்டுகிற நேரத்தில் கேரவன் ஆடாமல் நிற்க நான்கு மூலையிலும் உள்ள தாங்கு கால்களை இறக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் சுழற்றுகிற கைப்பிடியைக் காணோம். பட்டறையில் எடுத்தவர்கள் திரும்ப வைக்கவில்லை. ராத்திரி முழுக்க யார் புரண்டு படுத்தாலும் கேரவன் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் கைப்பிடியை என்னய்யா பண்ணுவீர்கள் நீங்கள்?