அகலமா இருந்தா டிரங்க் ரோடா?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருவர் ஒரு சாலையை பிரைமரி ஆக்குகிறார். (அங்கே சாலை வகைகளின் வரிசை மேலிருந்து கீழாக: மோட்டார்வே, டிரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி.) அடுத்த வாரம் இன்னொருவர் அதை செகண்டரிக்கு இறக்குகிறார். மூன்றாவதாக ஒருவர் வந்து ஒரேயடியாக டிரங்க் என்று ஏற்றிவிட்டுப் போகிறார். சேஞ்ச்செட் (திருத்தங்களைச் சேமிக்கும் தொகுப்பு) குறிப்பில் ஒரே வரி: "நல்ல அகலமான ரோடு."

அகலத்தைச் சொல்லத்தான் லேன்ஸ் டேக் (எத்தனை வழி என்று சாலைமேல் ஒட்டும் தகவல்) இருக்கிறதே ஐயா! தாரா மண்ணா என்பதற்கு சர்ஃபேஸ் இருக்கிறது. சாலை வகையைக் குறிக்கும் ஹைவே டேக் சொல்ல வேண்டியது, அந்தச் சாலை எதை எதோடு சேர்க்கிறது என்பதை. இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே வேறு வழியே இல்லையென்றால், குண்டும் குழியுமான ரோடுகூட என் கணக்கில் டிரங்க்தான். எதிலும் போய்ச் சேராத ஆறு வழிச்சாலைக்கு அந்தத் தகுதி கிடையாது. இது வரைபடத்தில் எந்தச் சாலைக்கு என்ன நிறம் என்ற வெறும் சண்டையும் இல்லை. வேக வரம்பு பதியாத இடத்தில் வழிகாட்டும் மென்பொருள்கள் இந்த வகையை வைத்துத்தான் வேகத்தை ஊகிக்கின்றன. "ஜூம் அவுட் பண்ணினாலும் எங்க ரோடு தெரியணும்" என்று ஒருவர் ஏற்றிவைத்தால், கனரக லாரி அந்தச் சந்துக்குள் வந்து நிற்கும்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். 2004இல் பிரிட்டனில் தொடங்கிய திட்டம் என்பதால் பெயர்கள் எல்லாம் அந்த ஊர்ச் சரக்கு. 'அன்கிளாசிஃபைடு' என்றால் "என்ன வகை என்று தெரியாது" என்று புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அது டெர்ஷியரிக்கு அடுத்த படியில் இருக்கும் ஒரு வகை. தெரியாததற்கு வெறும் 'ரோடு' என்று தனியாகவே ஒன்று உண்டு. நிறமும் அப்படித்தான். மோட்டார்வே நீலம், டிரங்க் பச்சை என்று பிரிட்டன் பலகைகளைப் பார்த்தே வைத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைப் பலகை பச்சை, அதற்கடுத்த முக்கியச் சாலைக்கு நீலம். அங்கிருந்து பார்ப்பவருக்கு வரைபடமே தலைகீழ்! 2015இல்தான் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்தைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். தப்பு என்னுடையதுதான்.

வகையையும் எண்ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அடுத்த வியாதி. ஜெர்மனியின் ஏ 5 நெடுஞ்சாலையில் கார்ல்ஸ்ரூவேயிலிருந்து பாசெல் பக்கம் போகும்போது அதே சாலைக்கு ஈ 35 என்றும் பெயர். சாலை ஒன்று, அதன்மேல் போகும் வழித்தடம் இரண்டு. வரைபடத்தில் சாலையைக் காட்டும் கோட்டின் ரெஃப் டேக்கில் (சாலை எண் எழுதும் இடம்) அரைப்புள்ளி போட்டு இரண்டு மூன்று எண்களைத் திணிக்கலாம்தான். ஆனால் எந்த எண் எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்பது அதில் தொலைந்துவிடும். எண்ணைச் சுற்றிக் கேடயச் சின்னம் வரைவதா, பச்சைக் கட்டம் வரைவதா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனி ரிலேஷன் (பல கோடுகளை ஒரே வழித்தடமாகச் சேர்த்துவைக்கும் பதிவு), அதில் நெட்வொர்க், அதில் எண்: இதுதான் சரியான இடம். அமெரிக்கானா என்ற வரைபடப் பாணி இந்த ரிலேஷன்களை வைத்துத்தான் பலகைச் சின்னங்களை அழகாக வரைகிறது.

"ரிலேஷன் சீக்கிரம் உடைஞ்சிடும்" என்பார்கள். உடையும். நானே உடைத்திருக்கிறேன். ஒரு ரவுண்டானா செயற்கைக்கோள் படத்தோடு ஒட்டாமல் பத்தடி தள்ளி இருந்தது. புள்ளிகளை நகர்த்தச் சோம்பல்பட்டு, இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக வட்டம் போட்டேன். வட்டம் அச்சு வார்த்தது போல வந்தது. புதுக் கோட்டுக்குப் பழைய திருத்த வரலாறு இல்லாமல் போய், அதன் வழியே போன மூன்று வழித்தடங்களும் நடுவில் அறுந்து தொங்கின. கோட்டை வெட்டியிருந்தால்கூட எடிட்டர் இரண்டு துண்டையும் ரிலேஷனில் தானாகவே சேர்த்துவிடும். அழித்தால் அதற்கு வழியில்லை. ஒரு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வந்து பொறுமையாக ஒட்டவைத்தார். அவர் சேஞ்ச்செட் குறிப்பில் திட்டு எதுவும் இல்லை, "இடைவெளி சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் இருந்தது.