ஷாக்ஸ் ஆயிலை அளந்து ஊத்துறதுக்கு என்னய்யா கேடு?

எஞ்சின் ஆயிலை மட்டும் தேதி குறிச்சு வெச்சு மாத்துறோம். செயினுக்கு லூப் அடிக்கிறோம், ஏர் ஃபில்டரைத் தட்டுறோம், கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவுறோம். முன்னாடி இருக்கிற ரெண்டு ஷாக்ஸுக்குள்ளயும் ஆயில்தான் கிடக்கு, அதுக்கும் ஆயுசு உண்டுங்கிற பேச்சை மட்டும் எந்த சர்வீஸ் பில்லுலயும் பார்க்க முடியாது. ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100, பழைய பல்சர்னு இருபது வருஷம் ஓடின எத்தனையோ வண்டியில கம்பெனியில ஊத்தின ஆயிலே இன்னும் உள்ள ஊறிக்கிட்டிருக்கு. ஆயிலை உள்ள அடைச்சு வைக்கிற ரப்பர் சீல் கிழிஞ்சு குரோம் பைப்புல வழிஞ்சாத்தான் ஷாக்ஸுன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரும். அப்பவும் நடக்கிறது என்ன? ரெண்டு சீலைத் தட்டிச் சொருகி, கையில கிடைச்ச ஆயிலை ஒரு குத்துமதிப்பா ஊத்தி, "முடிஞ்சுது சார், எடுத்துக்கங்க"ன்னு சாவியை நீட்டுவாங்க. எத்தனை மில்லி ஊத்தினீங்க, என்ன கிரேடு, அதாவது எவ்வளவு திக்கான ஆயில்னு கேட்டுப் பாருங்க. பதில் வராது.

இந்த வண்டிகளோட ஷாக்ஸுல பெரிய ரகசியம் எதுவும் இல்ல. ஸ்பிரிங் வண்டியைத் தாங்குது. உள்ள டேம்பர் ராடுன்னு ஒரு குழாய், அதுல சின்னச் சின்ன ஓட்டை. ஷாக்ஸ் அமுங்கும்போதும் எழும்பும்போதும் ஆயில் அந்த ஓட்டை வழியா நெருக்கித்தான் போகணும். அந்த நெருக்கம் இருக்கிற வரைக்கும்தான் ஸ்பிரிங் அடங்கி வேலை செய்யும். வருஷக்கணக்குல உலோகத்தூளும் ரப்பர் துணுக்கும் மழை ஈரமும் கலந்து அந்த ஆயில் வீணாப் போயிடும். பழசை வடிச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், சாம்பல் கலர்ல, மீன் கழுவின தண்ணி மாதிரி நாறும். அதை வெச்சுக்கிட்டுத்தான் ஸ்பீடு பிரேக்கர்ல "டங்"குனு சத்தம் வருது, பிரேக் பிடிச்சா முன்பக்கம் குப்புன்னு கவுருதுன்னு சொல்லி ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கிற பேரிங்கான கோன் செட்டை மாத்திக்கிட்டு இருக்கோம். முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டில்பாரை அழுத்தி விட்டுப் பாருங்க. ஒரே மூச்சுல மேல வந்து நிக்கணும். ரெண்டு மூணு தடவை ஆடினா ஆயில் செத்துப் போச்சுன்னு அர்த்தம். 20,000 கிலோமீட்டர் இல்ல ரெண்டு வருஷம், எது முன்னாடி வருதோ அப்ப மாத்திடணும்.

அடுத்து இந்த எஞ்சின் ஆயில் கூத்து. கடையில மிஞ்சின 20 டபிள்யூ 40 கிரேடு எஞ்சின் ஆயில் கேன் மூலையில இருக்கும், அதையே ஷாக்ஸுலயும் கவுத்துருவாங்க. "திக்கா இருந்தாத்தான் சார் ஸ்ட்ராங்கா நிக்கும்"னு விளக்கம் வேற. எஞ்சின் ஆயிலை 100 டிகிரி சூட்டுல சரியான பதத்துல நிக்கிற மாதிரி தயாரிக்கிறாங்க. ஷாக்ஸ் அந்தச் சூட்டைக் கண்ணாலயும் பார்க்காது, ஊர் வெயில் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 40 டிகிரியில 10 டபிள்யூ ஷாக்ஸ் ஆயிலோட திக்னஸ் பெரும்பாலும் 30லிருந்து 45 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள (திக்னஸை அளக்கிற அலகு) இருக்கும். அதே 40 டிகிரியில 20 டபிள்யூ 40 எஞ்சின் ஆயில் 100ஐத் தாண்டி நிக்கும். கிட்டத்தட்ட மூணு மடங்கு! இது அந்தச் சின்ன ஓட்டையில எப்படிப் போகும்? ஒரு குழியில அமுங்கின ஷாக்ஸ் எழும்புறதுக்குள்ள அடுத்த குழி வந்துடுது. வரிசையா நாலு குழி வந்தா எழும்பவே நேரம் கிடைக்காம கீழயே உக்காந்துடும், அப்புறம் வர்ற அடி நேரா மணிக்கட்டுக்கு. சில பழைய யமஹா மேனுவல்ல 10 டபிள்யூ 30 மோட்டார் ஆயிலை ஊத்தலாம்னு போட்டிருக்கிறது உண்மைதான். மேனுவல் அப்படிச் சொல்ற வண்டிக்கு அப்படியே ஊத்துங்க. அதைச் சாக்கா வெச்சுக்கிட்டு 20 டபிள்யூ 50 ஊத்துறதுக்கு எந்த நியாயமும் கிடையாது.

கிரேடைக்கூட மன்னிச்சுடலாம். அளவுல பண்ற அநியாயத்தை மன்னிக்கவே முடியாது.

100லிருந்து 150 சிசி வரைக்கும் உள்ள பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு ஒரு காலுக்கு, அதாவது ஒரு பக்க ஷாக்ஸுக்கு, 130லிருந்து 200 மில்லிக்குள்ளதான் அளவு வரும். உங்க வண்டிக்குச் சரியான எண் மேனுவல்ல இருக்கு. சில மேனுவல்ல ரெண்டு எண் இருக்கும்: முழுசாப் பிரிச்சுக் கழுவிக் காய வெச்சா ஒண்ணு, வெறுமனே வடிச்சு ஊத்தினா அதைவிடக் கொஞ்சம் கம்மி, ஏன்னா பழசு கொஞ்சம் உள்ளயே ஒட்டியிருக்கும். இந்த வித்தியாசத்தை எதுக்கு அச்சடிச்சு வெச்சிருக்காங்கன்னு ஒருத்தராவது யோசிக்கணும்ல? பைப்போட உள்விட்டம் 25 மிமீன்னு வெச்சுக்கங்க. 10 மில்லி கூடினா ஆயில் மட்டம் 2 சென்டிமீட்டர் ஏறும். டீ கிளாஸ்ல கண்ணளவா ஊத்துறப்ப 50 மில்லி கூடுறது சாதாரணம். அப்ப 10 சென்டிமீட்டர் ஏறிடுச்சு. ஆயிலுக்கு மேல இருக்கிற காத்தும் ஒரு ஸ்பிரிங்தான். முழுசா அமுங்கின நிலையில 15 சென்டிமீட்டர் காத்து இருக்க வேண்டிய இடத்துல 5தான் மிச்சம். பைப்போட வெளிவிட்டம் 30 மிமீ, ஷாக்ஸோட ஓட்டம் 11 சென்டிமீட்டர்னு கணக்குப் போட்டா, அடியில போய் இடிக்கும்போது காத்தோட அழுத்தம் ரெண்டு மடங்கு ஆக வேண்டியது நாலு மடங்கைத் தாண்டுது, அதுவும் ஸ்பிரிங் அடைக்கிற இடத்தைச் சேர்க்காமலே. புது சீல் ரெண்டே மாசத்துல வாயைப் பிளக்கிறதுக்கு இதைவிட என்ன காரணம் வேணும்? ஆனா பழி என்னவோ "டூப்ளிகேட் சீலு சார், கம்பெனி சீல் போட்டிருக்கணும்"னு சீல் மேலதான் விழுது.

கம்மியா ஊத்தினா அதுவும் வினைதான். ஷாக்ஸ் அடியில போய் இடிக்கும், டேம்பர் ஓட்டை காத்தை உறிஞ்சும், ஆயில் நுரைச்சுப் போயிடும். இதுல இடது கால்ல ஒரு அளவு, வலது கால்ல ஒரு அளவுன்னு இருந்தா கேட்கவே வேணாம். ரெண்டு காலும் ஒரே ஆக்சில்ல கட்டியிருக்கு, முறுக்கு முழுக்க ஆக்சிலும், மேல ரெண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கிற டீயும் வாங்கணும்.

மருந்துக் கடையில 50 மில்லி சிரிஞ்ச் கிடைக்குது, சல்லிக்காசு. அதுல அளந்து ஊத்துங்க. ஊத்தினதும் ஸ்பிரிங்கைப் போடாம பைப்பை மெதுவா பத்துப் பதினஞ்சு தடவை மேலயும் கீழயும் இழுத்து விடுங்க, டேம்பருக்குள்ள அடைபட்ட காத்து வெளிய வரணும். பத்து நிமிஷம் செங்குத்தா நிறுத்தி வெச்சு, பைப்பை முழுசா அமுக்கி, விளிம்புலேர்ந்து ஆயில் மட்டம் வரைக்கும் ஒரு ஸ்கேலை விட்டுப் பாருங்க. ரெண்டு கால்லயும் ஒரே எண் வரணும். மில்லிக் கணக்கைவிட இந்த மட்டக் கணக்குதான் கடைசித் தீர்ப்பு.

வெறும் ஆயில் மாத்துறதுக்கு ஷாக்ஸை முழுசாப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல. சில பழைய வண்டியில பாட்டம் கேஸ்ல (பைப் உள்ள இறங்குற கீழ்ப்பக்க அலுமினியக் குழாய்) குட்டியா டிரெயின் ஸ்க்ரூ இருக்கும், அதைத் திறந்து மெதுவா பம்ப் பண்ணினா வடிஞ்சுடும், ஆனா அடியில படிஞ்ச சகதி முழுக்க வராது. ஸ்க்ரூ இல்லாத வண்டின்னா காலைக் கழட்டித் தலைகீழாக் கவுத்து பம்ப் பண்ணணும். எதுவா இருந்தாலும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில கட்டை கொடுத்து, முன் சக்கரத்தைத் தரையிலேர்ந்து தூக்கின பிறகுதான் மேல் மூடியில கை வைக்கணும். அதைச் செய்யாம கழட்டினா ஸ்பிரிங்கும் மூடியும் முகத்துக்குப் பறக்கும், வண்டி முன்னால உக்காந்துடும். மூடியை, காலு டீயில இறுக்கமா இருக்கும்போதே ஒரு சுத்து தளர்த்தி வெச்சுக்கணும். வெளிய எடுத்த பைப்பை வைஸ்ல கடிக்க வெச்சுத் திருகி குரோமைக் கெடுக்கிறதை எத்தனை கடையில பார்க்கிறோம்!

சீல் மாத்தணும்னாத்தான் பாட்டம் கேஸ் அடியில இருக்கிற அலன் போல்ட்டைக் கழட்டணும். அங்கதான் பாதி ஷாக்ஸ் பாழாகுது. மொதல்ல மூடியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துப் போட்டுட்டு அப்புறம் இந்த போல்ட்டுக்கு வருவாங்க. பிடிமானம் இல்லாம உள்ள டேம்பர் ராடும் சேர்ந்து சுத்தும். உடனே உளியை வெச்சு அடி, அலன் தலை மழுங்கிடும். அட, ஸ்பிரிங் உள்ள இருக்கும்போதே ஷாக்ஸை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இந்த போல்ட்டைத் தளர்த்தினா ஸ்பிரிங்கே ராடைப் பிடிச்சுக்குமே! அப்பவும் சுத்தினா ஒரு மரக்கம்பு நுனியைச் சீவி மேலேர்ந்து ராடோட வாயில அழுத்திப் பிடிச்சாப் போதும். திரும்பப் போடும்போது அந்த போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர் போடணும். பழைய நசுங்கின வாஷரையே போட்டு, கசிஞ்சா முழு பலத்தையும் போட்டு இறுக்கி, அலுமினியம் மரையை உரிச்சு எடுத்த பாட்டம் கேஸுக்கு என்ன வைத்தியம் இருக்கு? சுமார் 20 நியூட்டன் மீட்டர் போதும் அதுக்கு.

சீலை ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஒரு பக்கமா அடிச்சு இறக்குறதைப் பார்க்கும்போது வயிறு எரியுது. உதடு மடங்கிடும், உள்ள இருக்கிற சுருள் கம்பி நழுவிடும். பழைய சீலைப் புதுசு மேல வெச்சு, அளவான பிவிசி பைப்புத் துண்டால நேரா அடிச்சா அழகா இறங்கும். கம்பி இருக்கிற பக்கம் ஆயிலைப் பார்த்து கீழ, நம்பர் இருக்கிற பக்கம் மேல. உதட்டுல கொஞ்சம் ஆயில் தடவி, பைப் விளிம்புல ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுத்தி இறக்குங்க. சீலைப் பிடிச்சு நிறுத்துற சர்க்ளிப் வளையம் பள்ளத்துல முழுசா உக்காந்துச்சான்னு சுத்திலும் பார்க்கணும். அதுக்கு முன்னாடி பைப்புல நகத்தை ஓட்டிப் பாருங்க. சீல் ஓடுற இடத்துல துருப் புள்ளி நகத்துல தட்டுச்சுன்னா எந்தக் கம்பெனி சீலும் நிக்காது, பைப்பையே மாத்தணும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடக்கரை ஊர் வண்டிகள்ல இது சர்வ சாதாரணம். அதைச் சொல்லாம வருஷத்துக்கு நாலு தடவை சீல் மாத்திக் காசு வாங்குறது அப்பட்டமான ஏமாத்து வேலை.

ஒரு பக்கம் மட்டும் கசியுதுன்னா அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து அனுப்புறதும் இதே கதைதான். கசியாத கால்ல கிடக்கிறதும் அதே வயசான ஆயில்தானே? சக்கரத்தை மாட்டினதும் ஆக்சிலை லேசா முடுக்கிட்டு, தரையில இறக்கி நாலு தடவை முன்பக்கத்தை அமுக்கி விட்டு, ரெண்டு காலும் நேரா உக்காந்த பிறகு முழுசா இறுக்கணும். அதைச் செய்யாம எடுத்த எடுப்புலயே இறுக்கினா ஷாக்ஸ் ஒண்ணோடொண்ணு பிடிச்சுக்கும், அப்புறம் ஆயில் சரியில்லன்னு திரும்ப அவுக்க வேண்டி வரும்.

டிஸ்க் பிரேக் வண்டி வெச்சிருக்கிறவங்க கசிவை ஒரு நாள்கூட விட்டுவைக்காதீங்க. வழியிற ஆயில் பாட்டம் கேஸ் வழியா நேரா பிரேக் பேடைப் பிடிச்சிருக்கிற காலிப்பருக்குத்தான் போகும். ஆயில் குடிச்ச பேடை எமரி பேப்பர்ல தேய்ச்சுத் திரும்பப் போடுற வேலையே வேணாம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டச் சொல்லுங்க. டிஸ்க்கை பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சு, சீலை மாத்தி, அளந்து ஆயில் ஊத்தின பிறகுதான் அந்த வண்டி ரோட்டுக்கு வரணும்.