தோசை முறுகுவது சோடா உப்பால் அல்ல

"சேலம் ஹோட்டல்களில் தோசை முறுகலாக வருவதன் ரகசியம் சோடா உப்புதான், வீட்டு மாவிலும் ஒரு தேக்கரண்டி கலந்தால் போதும்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. சோடா உப்பு மாவைப் பொங்கச் செய்யும், நிறத்தையும் சற்றுக் கூட்டும். ஆனால் அளவு மீறினால் சோப்பு வாடையும் கசப்பும் வந்து, புளித்த மாவின் சுவையே கெட்டுவிடும்.

முறுகலுக்குக் காரணம் கல்லின் சூடும், மெல்லியதாகத் தேய்த்த மாவிலிருந்து ஈரம் விரைவில் வெளியேறுவதுமே. ஹோட்டல் கல் கனமான இரும்பு என்பதால், குளிர்ந்த மாவு விழுந்தாலும் சூடு எளிதில் இறங்குவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிறிய கடையில், மாஸ்டர் ஒவ்வொரு தோசைக்கும் முன்பு கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பதை நின்று கவனித்திருக்கிறேன். துளிகள் முத்துப்போல் உருண்டோடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது ஊற்றும் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். துளி விழுந்த இடத்திலேயே 'சுர்' என்று கொதித்து வற்றினால் அதுவே பதம்.

நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்தும் சிறிது வெந்தயமும் போட்டு, பொன்னிறத்துக்குக் கைப்பிடி கடலைப்பருப்பு சேர்த்து அரைத்து, கனமான இரும்புக் கல்லில் ஊற்றிப் பாருங்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் குளிரால் மாவு மெதுவாகவே புளிக்கும் என்பது உண்மைதான். அங்குள்ளவர்களும் சோடாவை நாடாமல், மாவுப் பாத்திரத்தை அடுப்பருகே கதகதப்பாக வைத்துக் கூடுதலாகச் சில மணி நேரம் காத்திருப்பதே நல்லது. புளிப்பைச் சோடாவால் தர முடியாது.