ஒரு கைப்பிடி விதைக்கும் சான்றிதழ்

தோட்டம் போடுவதில் உயிரையே வைத்திருக்கும் நண்பர் வெளிநாட்டில் இருந்தால், அவருக்குப் பிடித்த பரிசை அனுப்புவது இவ்வளவு பெரிய பாடாக இருக்க வேண்டுமா? பல நாடுகள் ஒரு சிறு விதைப் பொட்டலத்துக்கும் தாவர நலச் சான்றிதழ், அதாவது பூச்சியோ நோயோ இல்லை என்று அனுப்பும் நாட்டின் அரசு தரும் சான்று, கேட்கின்றன; ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பர் முதல், வெளியிலிருந்து வரும் ஏறத்தாழ எல்லா விதைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பூச்சிகளும் நோய்களும் எல்லை தாண்டிப் பரவக் கூடாது என்பதற்காகவே 1951இல் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. அந்த அச்சம் நியாயமானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டன் கணக்கில் ஏற்றுமதி செய்யும் வணிகருக்கும், ஒரு கைப்பிடி விதையை அன்போடு அனுப்பும் தனிமனிதருக்கும் ஒரே சான்றிதழ் நடைமுறை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைவிட எரிச்சலூட்டுவது, உலகெங்கும் அனுப்புவோம் என்று விளம்பரம் செய்யும் இணையக் கடைகளில் சில, பணம் கைக்கு வரும்வரை இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் இருப்பதுதான். பொட்டலம் சுங்கத்தில் அழிக்கப்பட்ட பிறகு, சேரும் நாட்டின் விதிகளை அறிவது வாங்குபவரின் பொறுப்பு என்று கைகழுவிவிடுகிறார்கள். விதை வேண்டாம், நல்ல கத்தரிக்கோல் அனுப்பலாம் என்றாலும், அது பயன்படுத்தியதாக இருந்து சிறிது மண் ஒட்டியிருந்தால் போதும், அதையும் சுங்கத்தில் நிறுத்திவைக்கிறார்கள். விற்பனைப் பக்கத்திலேயே நாடுவாரியான தடைகளை எழுதிவைக்க அந்தக் கடைகளுக்கு என்ன தயக்கம்?