கைலியோட உள்ள விட மாட்டாங்க

போன மாதம் அப்பாவைக் கண் பரிசோதனைக்காக மதுரைக்குக் கூட்டிப் போயிருந்தோம். முடிந்ததும் வெயிலுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஒரு ஏசி உணவகத்துக்குப் போனோம். அப்பாவுக்கு வயது 71. நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். வெளியூர் போவதற்கென்றே எடுத்து வைத்திருக்கும் நீலக் கட்டம் போட்ட கைலியும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். இரண்டும் இஸ்திரி போட்டவை.

வாசலில் நின்ற காவலாளி என் பக்கம் வந்து, "சார், கைலியோட உள்ள விட மாட்டாங்க சார். டீசன்ட் டிரெஸ் இருந்தாத்தான் விடச் சொல்லியிருக்காங்க" என்றார். சொல்வதற்கே அவருக்குச் சங்கடமாக இருந்தது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த விதியை எழுதியவர் உள்ளே எங்கோ உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா கோபப்படவே இல்லை. "நான் கார்ல இருக்கேன்ப்பா. நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றார். யாரோ தடுத்தால் நின்றுவிட வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் தூக்கம் வரவில்லை.

எங்களுக்குப் பரமக்குடிப் பக்கம். தாத்தாவின் துண்டைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் இருக்கும்வரை அது தோளில் கிடக்கும். ஊர்த்தெருவுக்குள் கால் வைத்ததும் இடுப்புக்கு இறங்கிவிடும், செருப்பு கைக்கு வந்துவிடும். அதற்குப் பெயர் 'மரியாதை'. துண்டை இறக்காதவன் மரியாதை தெரியாதவன், திமிர் பிடித்தவன். அன்றைக்கு அதுதான் ஒழுக்கம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம்தான் இருக்க வேண்டும். குடை கூடாது, செருப்பு கூடாது, பொன் வெள்ளி நகையும் கூடாது. அடுத்த வருடமே தடைகளைப் பதினொன்றாக்கினார்கள். என் தாத்தா அப்போது சிறுவன்.

இதை எல்லாம் 'ஊர்க் கட்டுப்பாடு, சட்டம் இல்லையே' என்று தள்ளிவிடவும் முடியாது. கன்னியாகுமரிப் பக்கம், திருவிதாங்கூர் அரசில், சட்டமே இதைச் செய்தது. நாடார் பெண்கள் தோள்சீலை போடுவது அங்கே குற்றம். மாரைத் திறந்து வைப்பதுதான் மேல்சாதிக்காரர்களுக்குக் காட்டும் மரியாதை, மூடுவது அடக்கமின்மை. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று 1813-இல் ஓர் உத்தரவு வந்தது. 1829-இல் அரசு மறுபடியும் ஓர் ஆணை போட்டது: குப்பாயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை கூடாது. நடுத்தெருவில் பெண்களின் துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகுதான் 1859 ஜூலை 26-இல் எல்லா நாடார் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியிலும் 'மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தது. மூடிக்கொள்ளலாம், ஆனால் அவர்களைப் போல மூடக் கூடாது.

இதைப் படித்த நாளில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அவர்கள் பேசியது துணியின் அளவைப் பற்றி இல்லவே இல்லை. உன்னையும் என்னையும் பார்த்த உடனே வேறு வேறு ஆள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதே காலத்தில் திருவிதாங்கூரில் வாழ்ந்த ஆன்மிகத் தலைவர் அய்யா வைகுண்டர் இதைப் புரிந்துகொண்டவர். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வாருங்கள் என்றார். இன்றும் அவருடைய வழிபாட்டுத் தலமான சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தத் துணி தலையில் ஏறும்போது உடம்பு தானாக நிமிர்கிறது.

சரி, இப்போதைய சட்டத்துக்கு வருகிறேன். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. ஆகஸ்டிலேயே சட்டமன்றம் சட்டம் கொண்டு வந்துவிட்டது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வருபவரை, அந்த உடைக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்தாகலாம். நல்ல சட்டம். அதை நான் முழுமனதோடு வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன்.

ஆனால் என் அப்பாவின் கைலி அதில் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் உழைக்கிறவர்கள் தினமும் கட்டும் துணி அது. வேட்டி பண்பாடு, கைலி அநாகரிகம் என்று பிரித்தது யார்? தாத்தா காலத்தில் அந்த வேட்டியையே முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்ட எங்களுக்கு உரிமை இல்லை. நீதிபதிக்கு நடந்தபோது ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. தோள்சீலைக்கு 1813-இலிருந்து 1859 வரை நாற்பத்தாறு வருடம் ஆனது.

அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு மிகத் தெளிவாகப் பேசுகிறது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றைக் காரணம் காட்டிக் கடைக்குள்ளோ உணவகத்துக்குள்ளோ பொழுதுபோக்கு இடத்துக்குள்ளோ ஒருவரைத் தடுக்கக் கூடாது. உடை அந்தப் பட்டியலில் இல்லை. வாசலில் நின்று 'நீ என்ன சாதி' என்று இன்று யாரும் கேட்க முடியாது. ஆகவே 'என்ன டிரெஸ்' என்று கேட்கிறார்கள். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டும் உள்ளே விடப்படாமல் நின்றது நினைவிருக்கிறதா? குழந்தைகளோடு வந்ததால், படத்துக்கு இருந்த யு/ஏ என்ற வயதுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழைக் காரணமாகச் சொன்னார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்தக் காரணத்தை நம்பினோம்?

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2015-இல் திருத்தியபோது, பொது இடத்தில் செருப்பு போடுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று எழுத வேண்டியிருந்தது. புதுத்துணி! சுதந்திரம் வந்து 68 வருடம் கழித்து.

அதே போல, 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் பெண் உடையில் தெருவில் நடந்த திருநங்கைகளைப் பிடியாணை இல்லாமலே கைது செய்ய வழி செய்தது. ஒருவர் தன் பாலின அடையாளத்துக்கேற்ப உடுத்துவது கருத்துரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 ஏப்ரலில்தான். எந்த உடை ஒழுக்கம், எது குற்றம் என்பதைச் சட்டம் மாற்றிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஆனால் அடிபட்டவர்கள் கேட்ட பிறகுதான், அதுவும் நெடுநாள் கேட்ட பிறகுதான் மாற்றியிருக்கிறது.

'தனியார் இடம், அவர்கள் விதி' என்று நண்பர் ஒருவர் சொன்னார். குளிக்காமல் வருபவரை, குடித்துவிட்டுச் சத்தம் போடுபவரை வெளியே அனுப்பட்டும், அவர்களால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. ஒரு கைலியால் பக்கத்து மேசைக்காரருக்கு என்ன தொந்தரவு என்று அவரால் சொல்ல முடியவில்லை. என்னாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்கு நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். மறுநாள் அந்த உணவகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்: உங்கள் உடை விதியை எழுத்தில் கொடுங்கள், காரணத்தையும் சேர்த்து. பதில் வரவில்லை. மறுபடி எழுதுவேன்.

நேற்று வீட்டுக்குப் போனேன். அப்பா தையல்காரரிடம் அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அம்மா சொன்னார். பேன்ட் தைக்க, வாழ்க்கையில் முதல்முறையாக. ஏன்ப்பா என்று கேட்டேன். "பாப்பா பிறந்த நாளுக்கு எங்கயாவது கூப்பிடுவீங்க. என்னால உங்களுக்குச் சங்கடம் வேணாம்ல" என்றார்.