கம்பி லோடு சரிந்தால் டிரைவர் மட்டும்தான் குற்றவாளியா?

லாரியிலிருந்து லோடு சரிந்து யாராவது இறந்துபோனால் நம்மூரில் வழக்கு எப்படிப் போகும் என்பது தெரிந்ததுதான். டிரைவர் மேல் எஃப்.ஐ.ஆர்., ஓனருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நோட்டீஸ், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு (எம்.சி.ஓ.பி.) நம்பர் ஆகும், வாய்தா ஓடும், சில வருடம் கழித்து ஒரு தொகை வரும். அந்த லோடை ஏற்றியது யார், கட்டியது யார், கட்டினது போதும் வண்டியை எடு என்று கேட்டைத் திறந்துவிட்டது யார் என்று பார்த்தால், கேஸ் கட்டு முழுக்கப் புரட்டினாலும் பெரும்பாலும் ஒரு வரி இருக்காது. ஏற்றி அனுப்பிய கம்பெனியும் எதிர்மனுதாரராக வந்து நிற்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கிரேன் வைத்து ஸ்டீல் காயிலையோ (சுருட்டிய இரும்புத் தகடு) கிரானைட் பிளாக்கையோ வண்டியில் வைக்கிற இடத்தில் டிரைவர் பேச்சு எடுபடாது. அடியில் கட்டை வைத்தார்களா, செயின் போட்டார்களா, இல்லை வெறும் கயிறும் தார்ப்பாயும்தானா என்று கேட்டால் "பின்னாடி நாலு வண்டி நிக்குது, எடுப்பா" என்பார்கள். டன் கணக்கில் வாடகை என்றால் ஓனரும் ஏற்றின வரைக்கும் லாபம் என்றுதான் இருப்பார். அப்புறம் ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால், முன்னால் நகருகிற காயில் போய் நிற்கும் இடம் டிரைவர் சீட். 'டிரைவர்தான் கவனமாக இருக்கணும்' என்று கமெண்ட் போட வருகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது லோடின் எடையில் 80 சதவீத விசையைத் தாங்கும்படி கட்டியிருக்க வேண்டும், பக்கவாட்டில் 50 சதவீதம். அதாவது 10 டன் சரக்கு என்றால் முன்பக்கமாக 8 டன் தள்ளலைத் தாங்க வேண்டும். நம் லாரிகளில் பார்க்கிற நைலான் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அங்கே கனரக வாகனச் சட்டம் டிரைவரோடு நிற்பதில்லை. சரக்கை அனுப்பியவர், பேக் செய்தவர், ஏற்றியவர், இத்தனை மணிக்குள் போய்ச் சேரணும் என்று நேரம் குறித்தவர் வரை அத்தனை பேரையும் பொறுப்புக்குள் இழுக்கிறது.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194(1A) பிரிவு இருக்கிறது. லோடு பாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், இறக்குகிற செலவும் சேர்த்து. ஓட்டியவர் மட்டுமில்லை, ஓட்ட வைத்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அது நீட்டலைப் பற்றியது. பாடிக்குள்ளேயே ஒழுங்காகக் கட்டாமல் வைத்த காயிலை அது தொடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 வருடம் வரை சிறை என்கிறது. அலட்சியமான செயல் என்றுதான் இருக்கிறது, வண்டி ஓட்டுகிறவரின் அலட்சியம் என்று இல்லை. சரக்கு ஏற்றுகிற யார்டின் சூப்பர்வைசர் மேலும் வழக்குப் போடலாம். போடுகிறார்களா? ஆசிட், கேஸ் மாதிரி அபாயகரமான சரக்கு என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 131 அனுப்புகிறவருக்கு என்னென்ன பொறுப்பு என்று தனியாகவே சொல்கிறது. பல டன் கருங்கல் பிளாக் அபாயகரமான சரக்கு இல்லை போலிருக்கிறது!

இதில் கம்பி லோடு தனிக் கொடுமை. ஒரு காலத்தில் பாடிக்குப் பின்னால் 1 மீட்டர் வரை நீட்டிக்கொள்ளலாம் என்று விதியே இருந்தது, 2014-ல் எடுத்துவிட்டார்கள். இன்னமும் கம்பி முனையில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ராத்திரி விளக்கில்லாமல் ஓரமாக நிற்கிற அந்த வண்டியில் பைக்கில் வந்தவர் மோதினால், 'பின்னால் வந்து மோதினார்' என்று செத்தவர் மேலேயே எஃப்.ஐ.ஆர். எழுதுகிற கூத்தும் நடக்கிறது. நல்லவேளை, தீர்ப்பாயத்தில் எஃப்.ஐ.ஆரே முடிவு கிடையாது.

அனுப்பிய கம்பெனியைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்க முடியுமா என்று கேட்பீர்கள். கேரளாவில் ஆளில்லாத லெவல் கிராசிங்கில் பஸ்ஸும் ரயிலும் மோதிய வழக்கில், விபத்தில் பங்கு இருந்தால் ரயில்வேயையும் அதே மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நிறுத்தலாம் என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரயில்வேயையே நிறுத்தலாம் என்றால் ஒரு ஸ்டீல் யார்டை நிறுத்தக்கூடாதா? வக்கீல்கள் மெனக்கெடாததற்குக் காரணமும் புரிகிறது: இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் வாங்குவது சுலபம், யார்டைச் சேர்த்தால் கேஸ் இழுக்கும். கட்சிக்காரர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இப்படியே போனால் சரக்கு அனுப்புகிறவருக்கு ஒரு செயின் கூடுதலாக வாங்க என்ன அவசியம்?

போலீசுக்கு ஆளைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. சரக்கோடு போகிற ஜி.எஸ்.டி. சீட்டான ஈ-வே பில்லிலேயே யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, எந்த வண்டி என்று எல்லாம் இருக்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கைப் பார்த்துவிட்டு 'இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுக்கிறார். கயிற்றையும் செயினையும் பார்த்து எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால்கூட பாதி வேலை முடிந்துவிடும். அதுவரைக்கும், இப்படி ஒரு விபத்து உங்கள் சொந்தக்காரருக்கு நடந்தால், டிராஃபிக்கைச் சரிசெய்கிறோம் என்று கிரேன் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதற்குள் அறுந்த கயிற்றையும் லோடு கிடக்கிற நிலையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஈ-வே பில் நகலையும் எடை மேடைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள், சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுகிற பார்வை மகஜரில் லோடு எப்படிக் கட்டியிருந்தது என்று எழுதச் சொல்லி விடாமல் நில்லுங்கள்.